படியும் போலியும்

அரிய பொருள் எதுவோ அதன்மேல் ஆசை பெருகுவதும், ஆசை பெருகிய இடத்தில் போலி முளைப்பதும் உலக வழக்கு. நாணயத்திலும் ஓவியத்திலும் தபால் முத்திரையிலும் நெடுங்காலமாகக் கண்டுவந்த இவ்வழக்கு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிறுவர்கள் விளையாடிக் களித்த வீடியோ விளையாட்டுக்களிலும் இப்போது வந்து புகுந்திருக்கின்றது.

அண்மையில் உயர்வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லாத ஒரு பழைய விளையாட்டை ஒருவர் படியெடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? அதைக் களவு என்பது எப்படி?" வினா சிறியது, விடை அத்துணைச் சிறியதன்று. அன்று மணி அடித்துவிட்டமையால் வகுப்பிற் சொல்லி முடியாததை இங்கே எழுதுகின்றோம்.

முதலில் பொருள் இன்னதெனத் தெரிந்துகொள்வோம். நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யப்பானிலும், வேறு வடிவில் 1985ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் வீட்டில் வைத்து விளையாடும் கருவியொன்றை வெளியிட்டது. ஒவ்வொரு விளையாட்டும் கைக்கு அடக்கமான பிளாஸ்ரிக் பேழை ஒன்றில் அடைத்து விற்கப்பட்டது. பேழையைத் திறந்தால் உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகையும் அதன்மேல் சில சில்லுகளும் இருக்கும். விளையாட்டின் நிரலும் படங்களும் அச்சில்லுகளில் உற்பத்தியின்போதே பதிக்கப்பட்டுவிடும். பின்னர் அவற்றை மாற்ற இயலாது.

படியெடுப்போர் செய்வது இதுதான். அரிய விளையாட்டின் நிரலைக் கணினியில் எடுத்து, வெறுஞ் சில்லொன்றிற் பதிக்கின்றனர். பின்பு மலிவாகக் கிடைக்கும் வேறொரு பழைய பேழையைத் திறந்து, அதன் சில்லைக் கழற்றிவிட்டுப் புதியதை ஈயப்பற்று வைத்துப் பொருத்துகின்றனர். பலகையையே புதிதாகச் செய்வோரும் உளர். இறுதியாக, முதற்பதிப்பைப் போன்ற ஒட்டுத்தாளை அச்சிட்டு முகப்பில் ஒட்டிவிட்டால், வெளிப்பார்வைக்கு வேறுபாடு காண்பது கடினம். அனுபவமுள்ள சேகரிப்பாளர் பேழையைத் திறந்தே பார்ப்பார். படிகளிற் பயன்படும் ஒருவகைச் சில்லின் முதுகிலே சிறியதொரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளி அதன் வழியே பட்டால் நிரல் அழிந்துவிடும். ஆதலால் அச்சாளரத்தை மறைத்து ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கும்.

எத்தகைய பேழைகளுக்கு இவ்வளவு பாடுபடுகின்றனர்? ஓர் உதாரணம் சொல்வோம். 1990ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு பெரும் போட்டியை நடத்தியது. மூன்று விளையாட்டுக்களை ஒன்றாகச் சேர்த்து, 6 நிமிடம் 21 விநாடிக்குள் ஆடி முடிக்கவேண்டும். இதற்கெனச் செய்த பேழைகளுள் சாம்பல் நிறத்தன 90 இறுதிச்சுற்றுக்கு வந்தோருக்கு வழங்கப்பட்டன. பொன்னிறத்தன 26 அந்நிறுவனத்தின் சஞ்சிகை நடத்திய போட்டியிற் பரிசாயின. கடையில் ஒருபோதும் விற்கப்படாத இவை இன்று ஆயிரக்கணக்கான டொலர் பெறுவதில் வியப்பில்லை. இவற்றின் படிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. "இது படி" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரும் உண்டு. சொல்லாமல் விற்பவரும் உண்டு.

சில வேளைகளிற் பதிப்புரிமை வழக்கே ஒரு பொருளை அரியதாக்கிவிடுகின்றது. 'ரெற்றிஸ்' என்னும் விளையாட்டை 1984ஆம் ஆண்டு மொஸ்கோ நகரிலே அலெக்ஸி பஜித்னோவ் என்ற அறிஞர் ஆக்கினார். சோவியத் அரசின் நிறுவனமொன்று அதன் உரிமையை வெளிநாட்டாருக்கு வழங்கியது. "கணினி"களில் வெளியிடும் உரிமை கைமாறிக் கைமாறி அமெரிக்காவிலே அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. 1989ஆம் ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் 'ரெங்கன்' என்ற தன் வணிகப் பெயரில் நின்டெண்டோ கருவிக்கான பேழையை வெளியிட்டது. ஆனால், வீட்டு விளையாட்டுக் கருவிக்கான உரிமையை மொஸ்கோவிலிருந்து நேரே பெற்றிருந்தது நின்டெண்டோ. விளையாட்டுக் கருவியும் "கணினி" என்ற சொல்லுள் அடங்குமா என்பதே வழக்கு. அடங்காது என்ற பக்கமே நீதிமன்றம் சாய்ந்தது. யூன் மாதத்திலேயே விற்பனை தடுக்கப்பட்டது. எஞ்சியவை மீளப்பெறப்பட்டன. ஏறத்தாழ நான்கு வாரம் மட்டுமே கடையிலிருந்த அப்பேழையைச் சேகரிப்பாளர் இன்றும் தேடித் திரிகின்றனர். ஒரு சொல்லின் பொருள்வரையறை எவ்வளவு பெறுமதியுடையது என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணரலாம்.

இனி, நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். விற்பனையில் இல்லாமற் போனமையால் உரிமை இல்லாமற் போவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனமொன்றின் பெயரில் 1985இல் வெளிவந்த விளையாட்டுக்கு 95 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அது முடிவது 2080ஆம் ஆண்டின் இறுதியில். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் காப்பாற்றுகின்றது. நிரலைச் சட்டப்படி வாங்கிய ஒருவர் தம் காப்புக்காக ஒரு படி எடுத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆனால், படியெடுத்து விற்க அது இடங்கொடுக்கவில்லை. நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டுத்தாளில் அச்சிடுவது வணிகக் குறி பற்றிய வேறொரு குற்றமுமாகும்.

நட்டம் யாருக்கு? உண்மையென நம்பி வாங்கியவருக்கு முதல் நட்டம். உரிமையாளர் பேசாதிருப்பது கைவிட்டமைக்கு அடையாளமன்று என்பதால் அவருக்கும் நட்டம் உண்டு: 2016ஆம் ஆண்டு நின்டெண்டோ தன் பழைய விளையாட்டுக்கள் முப்பதைச் சிறு கருவியொன்றில் அடக்கி மீண்டும் விற்றது. 2017இல் கப்கொம் நிறுவனத்தின் அனுமதியோடு அதன் பழைய சண்டை விளையாட்டொன்று புதிய பேழையாகவே வெளிவந்தது. மூன்றாவது நட்டத்தைப் பலர் எண்ணுவதில்லை. ஒரு படி செய்வதற்காக உடைக்கப்படும் மலிவான பேழையும் பழையதே. அரியதொன்றின் சாயலுக்காக எளியதொன்றின் உயிர் போகின்றது.

இவ்வளவும் சொன்னபின், மாணவர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. 2023ஆம் ஆண்டு வீடியோ விளையாட்டு வரலாற்று அமையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இன்று வணிகமுறையிற் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. சில்லுகள் பழுதடையும், பேழையினுள் உள்ள மின்கலம் தீர்ந்துபோகும். 2080ஆம் ஆண்டு உரிமை முடியும்போது, படியெடுப்பதற்கு மூலம் இருக்குமோ என்பதே ஐயம். நூல்நிலையங்கள் இவ்விளையாட்டுக்களைத் தூரத்திலுள்ள ஆய்வாளருக்கும் மின்வழி காட்ட அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது. நூல்நிலையத்துக்கு நேரிற் சென்றால் காணலாம், வீட்டிலிருந்தபடி காணவியலாது. விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் இந்த அனுமதியை எதிர்த்து வாதாடியது.

இவ்விடத்திற் சட்டம் நடுநிலை தவறிவிட்டது என்பது நம் கருத்து. செல்லரித்த ஏடுகளைப் படியெடுத்தோர் இல்லையாயின் நம் பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்திரா. அவர்கள் படியைப் படியென்றே சொன்னார்கள். தாம் எழுதியது மூல ஏடு என்று கூறி எவரிடமும் காசு பறிக்கவில்லை. படிக்கும் போலிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. காப்பதற்கான படிக்கு நூல்நிலையத்தின் கதவைச் சட்டம் அகலத் திறக்கவேண்டும். ஏமாற்றுவதற்கான போலிக்குச் சந்தையின் கதவை அடைக்கவேண்டும். இன்றைய சட்டம் முன்னதைத் தயக்கத்தோடு செய்கின்றது. பின்னதோ, வாங்குவோரின் விழிப்பின்றி நிறைவேறாது.

ஆகவே நம் மாணவருக்கு நாம் கூறும் விடை இது: தம்பி, விற்பனைக்கு இல்லை என்பதனால் ஒரு பொருள் உமதாகிவிடாது. உரிமை உண்டென்பதனால் அதை அழியவிடுவதும் அறமாகாது. சட்டம் திருந்தவேண்டுமானால் திருந்தவேண்டுமென்று வெளிப்படையாகக் கேளும். அதுவரையில், உம் கையிலிருக்கும் படியை யார் கேட்டாலும் "இது படி" என்று சொல்லும் நேர்மையையேனும் கைவிடாதிரும்.