மே மாதம் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா?

பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் மே மாதம் கையில் காசு புழங்காத மாதம். நவரை நெல் விற்ற பணம் உரக்கடை பாக்கிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் போயிருக்கும். சொர்ணவாரி வயலில் களை, உரம் என்று செலவு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதக் கடைசியில்தான், எப்போதோ போட்டுக்கொடுத்த ஒரு கையெழுத்தை வைத்து வங்கி தானாகப் பணம் எடுக்கப் பார்க்கிறது.

அது இரண்டு காப்பீடுகளுக்கான ஆண்டு பிரீமியம். இரண்டுமே 2015 மே 9-ம் தேதி தொடங்கப்பட்டவை. விபத்துக்கான பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு 20 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் தரும் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு 436 ரூபாய். முதலாவதில் 18 முதல் 70 வயது வரை, இரண்டாவதில் 18 முதல் 50 வயது வரை சேரலாம். இறந்தால் வாரிசுக்கு ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். விபத்தில் ஒரு கையோ காலோ போனாலும் சுரக்ஷாவில் 1 லட்சம் உண்டு.

பாம்புக்கடியும், மரத்திலிருந்து விழுவதும் இதில் விபத்துதான். இரவில் வாய்க்கால் மடை திருப்பப் போகிறவர்களுக்கும் தென்னை ஏறுகிறவர்களுக்கும் இதைவிடக் குறைந்த செலவில் வேறு பாதுகாப்பு இல்லை. ஒன்று மட்டும் முக்கியம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோன பதிவு இருக்க வேண்டும். மந்திரிப்பவரிடம் போய் நேரம் கழித்தால், உயிரும் போகும், காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும்.

ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இல்லையென்றால் பிடித்தம் நடக்காது, பாதுகாப்பு அத்துடன் நின்றுவிடும். வங்கியிலிருந்து யாரும் வீட்டுக்கு வந்து சொல்லப்போவதில்லை. குறுஞ்செய்தி வந்தாலும், சென்னையில் வேலை பார்க்கும் மகனின் செல்போனுக்குத்தான் போகும்! விட்டுப்போன ஜீவன் ஜோதியில் மறுபடி சேரலாம். ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து அல்லாத மரணத்துக்குப் பணம் கிடைக்காது. பி.எம். கிசான் 2,000 ரூபாயை நம்பியும் இருக்க முடியாது. ஏப்ரல் – ஜூலை தவணை மே மாதத்துக்குள் வந்தாக வேண்டும் என்று விதி இல்லை.

அதனால் அறுவடைப் பணம் கைக்கு வந்ததுமே, ஆளுக்கு 500 ரூபாயைக் கணக்கில் தொடாமல் போட்டு வைப்பதே நல்லது. ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் பதிவு போட்டு, 20, 436 என்ற இரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வரிகளை மனைவி, பிள்ளைகளிடமும் காட்டி வையுங்கள். காப்பீடு இருப்பதே தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது? இரண்டு வங்கியில் கணக்கு வைத்து இரண்டிலும் பிரீமியம் கட்டுகிறவர்கள் ஒன்றை நிறுத்திவிடலாம். எத்தனை கணக்கில் கட்டினாலும் ஒரு திட்டத்துக்கு 2 லட்சம்தான்.

இதே தானியங்கிப் பிடித்தம் 2020 ஜூலை முதல் செல்போனிலும், யு.பி.ஐ. ஆட்டோபே என்ற பெயரில் இருக்கிறது. ஒருமுறை ரகசிய எண் போட்டு அனுமதித்தால், பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் எண் கேட்காமலே பணம் போகும். 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரும். மாதச் சம்பளக்காரருக்கு இது வசதி. விளைச்சலை நம்பி வாழும் குடும்பத்துக்கு, மாதாமாதம் தொகை மாறும் மின்கட்டணத்தை இதில் விடுவது அவ்வளவு பொருத்தமில்லை. பில்லைப் பார்த்துக் கையால் கட்டுவதே மேல்.

டிராக்டர், பைக் கடன் தவணைக்குத் தானியங்கிப் பிடித்தம் கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பணமில்லாமல் திரும்பினால் வங்கி அபராதம் போடும். அதோடு, 2007-ம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டம் 25-வது பிரிவின்படி, செக் திரும்பினால் வருவதைப் போலவே வழக்கும் வரலாம். தவணை தேதியை அறுவடைக்குப் பிறகு வருமாறு வைத்துத்தர முடியுமா என்று கடன் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பேச்சு எடுபடாது.

தேவையில்லாத ஆட்டோபேயை, செல்போன் செயலியில் அதே பெயரில் உள்ள பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். ‘மானியம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.