மிஞ்சிய கரியே சாட்சி

1838 ஏப்ரல் 22 அன்று 'சிரியஸ்' என்ற நீராவிக் கப்பல் நியூயார்க்கை அடைந்தது. மறுநாள் 'கிரேட் வெஸ்டர்ன்' என்ற நீராவிக் கப்பலும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் முந்தியதால், தொடர்ந்து நீராவியால் ஓடி அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெருமையைச் சிரியஸுக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் எது முதலில் வந்தது என்பதைவிட, வந்தபோது எதில் எவ்வளவு நிலக்கரி மிஞ்சியிருந்தது என்று பார்ப்பதே முறை. அயர்லாந்தின் கார்க்கிலிருந்து 18 நாட்கள் ஓடிய சிரியஸில் கரி கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. நான்கு நாள் பிந்திப் பிரிஸ்டலிலிருந்து புறப்பட்டு, அதைவிட நீண்ட தொலைவை 15 நாட்களில் கடந்த கிரேட் வெஸ்டர்னின் கிடங்கில் ஏறத்தாழ 200 டன் கரி கிடந்தது.

அது தற்செயல் அல்ல, கிரேட் வெஸ்டர்னை வடிவமைத்த பொறியாளர் புரூனெல் முன்பே போட்ட கணக்கு. கப்பலின் நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்கினால் சரக்கு கொள்ளும் இடம் எட்டு மடங்காகும். நீரின் எதிர்ப்போ ஏறக்குறைய நான்கு மடங்குதான் கூடும். ஆகவே கப்பல் பெரிதாகப் பெரிதாக, டன்னுக்குத் தேவைப்படும் கரி குறையும். இவ்வளவு தூரத்துக்கு வேண்டிய கரியைச் சுமக்க முடியுமா என்று லார்ட்னர் போன்ற அறிஞர்களே ஐயப்பட்ட காலத்தில், 236 அடி நீள மரக்கப்பலை நம்பி இறக்கியது சாதாரணத் துணிச்சல் இல்லை. முதல் பயணத்துக்கு முன், மார்ச் 31 அன்று லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போகும் வழியில் அக்கப்பலின் புகைபோக்கியின் அடியில் தீப்பிடித்தது. கீழே இறங்கிய புரூனெல், கருகியிருந்த ஏணிப்படி முறிந்து சுமார் 20 அடி ஆழத்தில் விழுந்தார். கீழே நின்ற, கப்பல் நிறுவனத்தின் நிர்வாகி கிளாக்ஸ்டன் மேல் விழுந்ததால்தான் பிழைத்தார். செய்தி பரவி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பயணத்தை ரத்து செய்தார்கள். அந்தப் பெரிய கப்பலில் ஏறியவர்கள் வெறும் 7 பேர்!

சிரியஸின் வீரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பார்கள். உண்மைதான், லண்டன்–கார்க் இடையே ஓடக் கட்டிய சிறு கப்பலை மாலுமிகள் அட்லாண்டிக்கில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் இரண்டே முறை போய்வந்தபின் அது பழைய வேலைக்கே திரும்பிவிட்டது. கிரேட் வெஸ்டர்ன் எட்டு ஆண்டுகளில் 45 முறை போய்வந்தது. இன்னொரு மறுப்பு வலுவானது: 1839இல் அட்லாண்டிக் கடந்து செல்லும் பிரிட்டிஷ் தபால் ஒப்பந்தம், போட்டியாளரான கியூனார்டுக்குத்தானே கிடைத்தது, வெற்றி அவருடையதல்லவா? தபால் தவணை தவறாமல் போக ஒரே அளவில் பல கப்பல்கள் வேண்டும். கிரேட் வெஸ்டர்னை நடத்திய பிரிஸ்டல் நிறுவனத்திடம் இருந்ததோ ஒன்றுதான். அடுத்ததாக அதேபோல இன்னொன்றைக் கட்டாமல், பிரம்மாண்டமான 'கிரேட் பிரிட்டன்' இரும்புக் கப்பலில் பணத்தைக் கொட்டியது என் கணிப்பில் பெரும் பிழை. அது நிர்வாகத்தின் தோல்வி, கரிக்கணக்கு பொய்க்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் நீராவிக் கப்பல்களில் அட்லாண்டிக் தபாலைக் கொண்டுசெல்ல ஒப்பந்தப்புள்ளி கேட்டதே, கிரேட் வெஸ்டர்ன் போய்வந்து காட்டியபின், 1838 நவம்பரில்தான்.