வீட்டு முயலுக்கும் கருத்தடை தேவையா?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. முயல் வளர்க்கும் வீடுகளில் கால் கணக்கில் சண்டை வருவதில்லை. ஆணா, பெண்ணா என்பதில்தான் வருகிறது.

“இரண்டும் பெண்தான், பயப்படாமல் வாங்கிப் போங்கள்” என்ற உறுதியுடன் வாங்கி வந்த ஜோடியில் ஒன்று ஆணாக இருப்பது அரிதல்ல. எட்டு வாரக் குட்டியின் பாலினத்தைக் கணிப்பதில் அனுபவம் உள்ளவர்களே தவறிவிடுவார்கள். ஆண் குட்டிக்கு விந்தகங்கள் வெளியே தெரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதைக் கவனிக்கத் தவறிய வீட்டில், ஒருநாள் காலை மற்ற முயல் வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, தன் மார்பு முடியைப் பிய்த்து, மூலையில் மெத்தை கட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்குத் தலைவலி.

வீவக வீடுகளில் முயல் வளர்க்கத் தடையில்லை. பூனைக்கு 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல்தான் அனுமதி கிடைத்தது. முயலுக்கு அது முன்பே இருந்தது. நாய், பூனைக்குத் தேவைப்படும் உரிமமும் முயலுக்கு வேண்டியதில்லை. சத்தம் போடாது, நடைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இவ்வளவு எளிதாக வீட்டுக்குள் வந்துவிடுவதாலேயே, எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிர் என்ற எண்ணம் பின்னுக்குப் போய்விடுகிறது. சீன நாள்காட்டியில் முயல் ஆண்டுகளாக அமைந்த 2011, 2023 இரண்டிலும், ஆசைக்கு வாங்கிவிட்டுப் பிறகு கைவிடாதீர்கள் என்று இங்குள்ள விலங்குநல அமைப்புகள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டன.

முயலின் இனப்பெருக்க வேகம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதன் காரணம் பலருக்குத் தெரியாது. பெண் முயலுக்கு மாதம் ஒருமுறை கருமுட்டை வெளியாகும் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த பிறகே, அதன் தூண்டுதலால், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகிறது. எனவே ‘பாதுகாப்பான நாள்’ என்று ஒன்று இல்லை. கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருத்தரிக்க முடியும். ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் என்று வைத்துக்கொண்டாலும், ஜோடியைப் பிரிக்காத வீட்டில் ஐந்து மாதத்தில் 25 குட்டிகள் சேர்ந்துவிடும். முதல் ஈற்றுக் குட்டிகளும் அதற்குள் இனப்பெருக்க வயதைத் தொட்டிருக்கும். நான்கறை வீட்டில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு முயல்தான் இருக்கிறது, அதற்கு எதற்குக் கருத்தடை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குறிப்பாக, தனியாக வளரும் பெண் முயலை வைத்திருப்பவர்கள்தான் இதற்கான பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். நான்கு வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வரக்கூடும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. 80 விழுக்காடு வரை சொல்பவையும் உண்டு. இந்த எண்களில் பல, 1940களிலும் 1960களிலும் ஆய்வுக்கூட முயல்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. இனத்துக்கு இனம் அளவு மாறுகிறது. வீட்டு முயல்களைப் பார்த்த பிற்கால ஆய்வுகள் சில, குறைவான விகிதத்தையும் காட்டியுள்ளன. ஆகவே 80 என்ற எண்ணைக் கேட்டுக் கலங்க வேண்டாம். ஆனால் புற்றுநோய் தவிரக் கருப்பைச் சீழ், கட்டி, வீக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வயதான பெண் முயலின் உடலில் முதலில் கெட்டுப்போகும் உறுப்புகளில் ஒன்று கருப்பை என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “அதற்கும் மாதவிலக்கு போலிருக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள். முயலுக்கு மாதவிலக்கு கிடையாது. இன்னொரு பக்கம், சில கீரை, காய்களைத் தின்ற பிறகு முயலின் சிறுநீர் இயல்பாகவே ஆரஞ்சு, சிவப்பு நிறமாக மாறுவதும் உண்டு. இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். மருந்தகத்தில் ஒரு சாதாரண சிறுநீர்ச் சோதனை சொல்லிவிடும். புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டால் பிறகு செய்வதற்கு அதிகமில்லை. ஐந்தாறு மாத வயதில் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அந்த ஆபத்தே இல்லாமல் போகிறது.

ஆண் முயலுக்கு உடல்நலக் காரணம் இவ்வளவு அழுத்தமானதல்ல. அங்கே காரணம் வேறு. பருவம் வந்த ஆண் முயல் சுவரிலும் சோஃபாவிலும் ஏன், நிற்பவரின் காலிலும்கூடச் சிறுநீரைப் பீய்ச்சி எல்லை வகுக்கும். கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடும். பெண் முயல் கூண்டுக்குள் கை நீட்டினால் உறுமிப் பாயும், பொய்க் கர்ப்பம் கொண்டு முடியைப் பிய்த்துக்கொள்ளும். நேற்றுவரை மடியில் கிடந்த குட்டி இப்படி மாறியதும், அது கூண்டுக்குள்ளேயே அடைக்கப்படுகிறது. கூண்டு பிறகு சேவைக்கூடத்துக்குத் தள்ளப்படுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊரில், வியர்வை சுரக்காத, கம்பளி போர்த்திய விலங்குக்கு அது தண்டனை. கருத்தடைக்குப் பிறகு இந்தக் குணங்கள் பெரும்பாலும் தணிகின்றன. தட்டில் கழிவு செய்யப் பழகுகிறது. கருத்தடை செய்யப்பட்ட ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதுதான் முயல்களுக்கு மிகவும் ஒத்துவரும் ஏற்பாடு.

“இயற்கைக்கு விரோதம், பாவம்” என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒருமுறையாவது குட்டி போடவிட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பாரும் உண்டு. இரண்டாவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. முதலாவதை விவாதிக்கலாம். ஆனால், வளர்க்க முடியாமல் போனால் பூங்காவில் விட்டுவிடலாம், அது காட்டு விலங்குதானே என்ற நினைப்பும் பெரும்பாலும் இதே தயக்கத்துடன்தான் வருகிறது. அதற்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறது. திருக்குறளில் வேட்டைக்கு உவமையாக வருவது தமிழ்நாட்டுக் காட்டு முயல். முடியுடன், கண் திறந்தே பிறந்து, திறந்த வெளியில் வளர்வது. கூண்டில் வளர்வது ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியிலிருந்து வந்த வேறு இனம். வளைக்குள் முடியின்றி, கண் மூடிப் பிறப்பது. இரண்டும் ஒன்றோடொன்று இனம்கூடச் சேராது.

ஆஸ்திரேலியாவில் முயல்கள் தழைக்கவில்லையா என்று கேட்கலாம். அந்தக் கதையே இதற்குப் பதில். 1788ல் முதல் கப்பல்களில் போன முயல்கள் வீட்டு முயல்கள். அவற்றாலும் அடுத்து வந்த பலவற்றாலும் கண்டம் முழுவதும் பரவ முடியவில்லை. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் உள்ள தம் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவை காட்டு இரத்தம் கலந்தவை. பரவியது அவற்றின் வழிவந்த கூட்டம்தான் என்று 2022ல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. தொங்குகாது வளர்ப்பு முயலைப் பூங்காவில் விட்டால் வெயில், பூனை, சாலை மூன்றில் ஒன்று அதை முடித்துவிடும். சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிடுவது குற்றமும்கூட. முதல்முறை குற்றம் புரிவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அறுவை சிகிச்சைக்கு அஞ்சுபவர்களின் பயம் வெறும் பயமல்ல. மயக்க மருந்து முயலுக்கு நாய், பூனையைவிட ஆபத்தானது. பிரிட்டனில் 2008ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 விழுக்காடும் பூனைகளில் 0.24 விழுக்காடும் முயல்களில் 1.39 விழுக்காடும் இறந்ததாகக் கண்டது. நோயற்ற முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 0.73 விழுக்காடாகக் குறைந்தது. இளமையும் நல்ல உடல்நிலையும் உள்ளபோதே செய்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இறந்த முயல்களில் பெரும்பாலானவை மேசையில் இறக்கவில்லை. சிகிச்சை முடிந்த பிறகே இறந்தன. அந்த நேரத்தில் மருத்துவருக்கு இணையான பொறுப்பு வீட்டாருக்கும் இருக்கிறது.

முயலின் குடல் நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய உறுப்பு. வலி, பயம், பட்டினி மூன்றும் அதை நிறுத்திவிடும். நின்ற குடல் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். நாய்க்கும் பூனைக்கும் அறுவைக்கு முன் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. ஆகவே ‘முதல் நாள் இரவு எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு மருந்தகம் சொன்னால், அங்கே முயல்கள் அதிகம் வருவதில்லை என்று பொருள். வேறு இடம் பார்ப்பது நல்லது. மாதத்துக்கு எத்தனை முயல்களுக்குச் செய்கிறீர்கள், வலி மருந்தை எத்தனை நாளுக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். எல்லாக் கால்நடை மருந்தகங்களும் முயலைப் பார்ப்பதில்லை. கட்டணமும் சில நூறு வெள்ளி ஆகும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதால் ஆணைவிடக் கூடுதல். வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு என்பது உண்மைதான். கடையில் குட்டியை வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது. தத்துக்கு வரும் வளர்ந்த முயல்களில் பல ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டவை. ஆணா, பெண்ணா என்ற சந்தேகமும் இருக்காது.

நாள் குறிக்கும்போது, அன்றிரவும் மறுநாளும் வீட்டில் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரம் வேண்டாம். விருந்தினர் சத்தத்தில் முயல் சாப்பிடாமல் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மருந்தகத்துக்குப் போகும்போது அது வழக்கமாகத் தின்னும் உலர்புல்லையும், தேக்கா சந்தையில் வாங்கிக் கழுவிய கொத்தமல்லி அல்லது புதினாக் கட்டு ஒன்றையும் கொண்டுபோகலாம். மயக்கம் தெளிந்த முயலுக்குப் பழகிய வாசனை பசியைத் தூண்டும். வீட்டில் கூண்டுத் தரையில் மரத்தூளுக்குப் பதில் சுத்தமான துணியோ பழைய நாளிதழோ விரிக்க வேண்டும். காயத்தில் தூசி ஒட்டாது. பத்து நாளைக்கு உயரமான இடங்களில் தாவவிடக் கூடாது. தையலை நக்குகிறது என்று கழுத்தில் நாய்க்குப் போடும் கூம்பை மாட்டிவிட வேண்டாம், மருத்துவர் சொன்னாலொழிய. முயல் தன் மென்மையான இரவுப் புழுக்கையைத் தானே தின்றாக வேண்டும்; கூம்பு அதைத் தடுத்துவிடும். முன்பு எப்போதோ வாங்கி மிஞ்சிய அமாக்ஸிசிலினைக் கொடுத்துவிடவும் கூடாது. வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

ஆணுக்குச் செய்தாயிற்று என்று உடனே ஜோடியைச் சேர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அறுவைக்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆண் முயலால் கருத்தரிக்கச் செய்ய முடியும். அதுவரை தனித்தனிக் கூண்டு.

வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது, முனகாது, கத்தாது. மூலையில் கூனிக் குறுகி உட்காரும், பல்லை நறநறவெனக் கடிக்கும், அவ்வளவுதான். வீடு திரும்பிப் பன்னிரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் தின்னாமல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அறுவைக்கு மறுநாள் காலை முதல் வேலை, கழிவுத் தட்டைப் பார்ப்பது. புழுக்கைகள் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. கிடக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.