பழைய ஆக்சில் வாங்கப் போகிறீர்களா? ஸ்டெப்னியையும் கொண்டு போங்கள்!

"மலையில் எங்களுக்குக் கொஞ்சம் கிராம்பும் ரப்பரும் உண்டு. பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறோம். பின் ஆக்சில் உடைந்துவிட்டது. ஆக்கர் கடையில் மூன்று ஆக்சில்கள் கிடக்கின்றன. ஒன்று எங்கள் மாடல் ஜீப்புடையதுதான், ஆனால் துருப்பிடித்துக் கிடக்கிறது. இரண்டாவது வேறு மாடல் ஜீப்புடையது, பெயின்ட் அடித்துப் புதுசு போல இருக்கிறது. மூன்றாவது மினி லாரியுடையது, நல்ல தடிமன். எதை எடுப்பது?"

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. மூன்று வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க இந்தச் சிக்கல் இருக்கிறது. மூட்டைகளை மட்டுமல்ல, வேலையாட்களையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டி இது. தப்பான ஆக்சில் போட்டால் நஷ்டம் காசோடு நிற்காது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் பதில்: உள்ளே நன்றாக இருந்தால் அந்தத் துருப்பிடித்த ஆக்சிலை எடுங்கள். பெயின்ட் அடித்ததை விகிதம் பார்க்காமல் தொடாதீர்கள். மினி லாரி ஆக்சில் வேண்டாம்.

எண்ணிப் பார்க்காமல் நான் பட்ட பாடு

சில வருஷங்களுக்கு முன் என் ஜீப்புக்கும் பின் ஆக்சில் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் "எல்லாம் ஜீப் ஆக்சில்தானே" என்று வேறொரு மாடலுடையதை மாட்டிக் கொடுத்தார்கள். ரோட்டில் நன்றாகவே ஓடியது. முன்னைவிட வேகமும் கூடியது, எனக்கும் சந்தோஷம். இடவப்பாதி மழை பிடித்த பிறகு தோட்டத்துப் பாதையில் ஃபோர்வீல் போட்டேன். ஸ்டியரிங் விறைத்துக்கொண்டது. சக்கரங்கள் விட்டு விட்டுக் குதித்தன. திரும்பி வந்து கியரை எடுக்கப் பார்த்தால் வரவே இல்லை. ஜீப்பைப் பின்னால் எடுத்து எடுத்துத்தான் விடுவித்தோம்.

காரணம் கிரவுன்-பினியன் விகிதம். புரொப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் அந்தக் கணக்கு. பழைய வில்லிஸ் ஜீப்பில் அது 5.38. கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 8 பல். 43-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 1940-களின் கடைசியில் மகிந்திரா இந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த ஜீப்புகளில் விகிதங்கள் பலவிதம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆக்சிலும் அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே பல் எண்ணிக்கை வேறு.

முன்னால் 5.38, பின்னால் 4.88 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்வீல் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். பின்சக்கரம் 100 அடி போகும்போது முன்சக்கரம் சுமார் 91 அடிதான் போகப் பார்க்கும். ஏர் மாட்டில் ஒன்று ஓடி ஒன்று நின்றால் நுகம் என்ன ஆகும்? அதுதான் இங்கே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆகிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். கெட்டித் தரையில், பாறையில், ஏதாவது ஒன்று உடைந்துதான் அடங்கும்.

ஃபோர்வீல் இல்லாத வண்டி என்றால் இந்தச் சண்டை இல்லை. ஆனால் இழுவைக் கணக்கு அங்கேயும் உண்டு. 5.38-ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டால் பத்துப் பங்கு இழுவை ஏழு பங்காகிவிடும். ரோட்டில் பறக்கும். மாறாமலை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது கிளட்ச் வாடை மூக்கைத் துளைக்கும். டயரைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். 28 அங்குல உயர டயரை எடுத்துவிட்டு 32 அங்குலம் போட்டால், 5.38 விகிதம் கிட்டத்தட்ட 4.7 போலத்தான் வேலை செய்யும்.

சாக்கட்டி போதும்

விகிதம் பார்க்க மெக்கானிக் வேண்டாம். உங்கள் ஜீப்பில் முன் ஆக்சில் விகிதத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். முன் ஹப்பில் லாக் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். டயரில் ஒரு கோடு, முன் புரொப்பலர் ஷாஃப்டில் ஒரு கோடு சாக்கட்டியால் போடுங்கள். ஃபோர்வீல் எடுத்திருக்க வேண்டும். டயரைக் கையால் 20 சுற்று சுற்றுங்கள். இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். 54-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 5.38. 49-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.88. 43-க்கு அருகில் என்றால் 4.27. 37 தாண்டினால் 3.73.

இருபது சுற்றுக்கு ஐம்பத்து நாலா, நூற்றேழு அல்லவா வர வேண்டும் என்று கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்க, ஒன்று மட்டும் சுற்றும்போது டிஃபரன்ஷியல் அந்தச் சுற்றைப் பாதியாக்கிவிடும். அதனால் 20 சுற்றை 10 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கிடக்கும் ஆக்சிலிலும் இதையே செய்யலாம். ஒரு டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு டிரம்மை 20 சுற்று சுற்றி, பினியன் ஃபிளேஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டும்.

தடிமன் மயக்கம்

மினி லாரி ஆக்சில் மீது பலருக்கும் ஆசை. அந்த ஆசையில் நியாயமும் இருக்கிறது. பழைய ஜீப்பின் பின் ஆக்சிலில், வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுற்றுவதும் ஒரே ஷாஃப்ட்தான். லாரி வகை ஆக்சிலில் பாரத்தை ஹவுசிங்கே தாங்கிக்கொள்ளும், ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். ஹப்பின் நடுவில் சுற்றிலும் போல்ட் போட்ட மூடி துருத்திக்கொண்டு தெரிந்தால் அது இந்த வகை. சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவிவிடலாம். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது.

ஆனால் அந்த ஆக்சிலைப் போட்டதும் ஜீப் மினி லாரி ஆகிவிடுமா? சேஸிஸ் ஜீப்புடையது. முன் பிரேக் ஜீப்புடையது. ஸ்பிரிங் பட்டைகளும் அப்படியே. ஆக்சில் தாங்கும் என்ற தைரியத்தில் பாரத்தைக் கூட்டினால் அடுத்து சேஸிஸ் வெடிக்கும், அல்லது இறக்கத்தில் வண்டி நிற்காது. பின் டிரம்மில் பெரிய வீல் சிலிண்டர் இருந்தால், நம் மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற எண்ணெய் அதற்குப் போதாமல் பெடல் கீழே போய்விடும். அகலமும் ஒத்துப்போகாது. எனக்குத் தெரிந்த பழைய பட்டறைக்காரர் ஒருவர் சொல்வார்: "அண்ணாச்சி, ஆக்சிலு தடிமனா இருக்கான்னு பாக்காதீங்க. நம்ம சக்கரம் அதுல ஏறுமான்னு பாருங்க."

அதற்காகத்தான் ஸ்டெப்னியைக் கொண்டு போகச் சொன்னேன். பழைய வில்லிஸ் வகை ஜீப்புக்கு 5 போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். வட்டத்தை அளக்கத் தெரியாவிட்டாலும், ஸ்டெப்னியை டிரம்மில் மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். கூடவே டேப்பால் இரண்டு அளவு எடுங்கள். ஒரு டிரம் முகத்திலிருந்து மறு டிரம் முகம் வரை ஒன்று. ஸ்பிரிங் உட்காரும் இரண்டு மேடைகளின் நடுவுக்கு நடு இன்னொன்று. இரண்டையும் உங்கள் வண்டியில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

பழைய ஜீப்பில் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் அந்தப் பக்கம்தான் வருகிறது. மறு பக்கம் ஒதுங்கிய ஆக்சில் கிடைத்தால், "தலைகீழாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது யோசனை சொல்லலாம். போட்டால் சரியாகத்தான் உட்காரும். ஆனால் ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகும், மற்ற கியரெல்லாம் பின்னால் போகும்!

ஹேண்ட் பிரேக்கை நம்பி இறங்கியவர்

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மலையில் கிராம்பு ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் டக்கென்று சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கால் பிரேக்கை மிதித்தார், நின்றது. பின்னால் இருந்த பறிப்பு வேலைக்காரர்களை இறங்கச் சொன்னார். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். வண்டி பின்னால் உருண்டது. நல்லகாலம், ஒரு ரப்பர் மரம் தடுத்துக்கொண்டது. ஐந்தாறு பேர் ஒரு நிமிஷம் முன்னால்தான் இறங்கியிருந்தார்கள்.

அவர் செய்தது தப்பில்லை. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பலர் ஷாஃப்டில் இருக்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் ஒரு பக்கம் உடைந்துவிட்டால், புரொப்பலர் ஷாஃப்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரங்கள் சும்மா உருளும். கியரில் போட்டு நிறுத்தினாலும் அப்படித்தான். ஃபோர்வீல் போட்டிருந்தால் முன் ஆக்சில் பிடித்திருக்கும். ஏற்றத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் கால் பிரேக்கை விடாதீர்கள். வேறொருவர் சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகு இறங்குங்கள். மலை வண்டியில் இரண்டு மரக்கட்டை எப்போதும் கிடக்கட்டும்.

எனவே பழைய ஆக்சில் வாங்கும்போது முதலில் ஷாஃப்டை உருவிப் பாருங்கள். நுனியிலுள்ள பள்ளங்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓட வேண்டும். கயிறு போல முறுக்கியிருந்தால் அது ஏற்கெனவே பாதி உடைந்த ஷாஃப்ட் என்று அர்த்தம். பழைய ஜீப் ஆக்சிலில் ஹப் ஒரு சாவிக்கட்டையால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவிப் பள்ளத்தின் மூலையில்தான் விரிசல் தொடங்கும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வெயிலில் பாருங்கள்.

பிறகு எண்ணெயை வடியுங்கள். காந்தத்தில் மை போலப் படிந்தால் பரவாயில்லை. பல் துணுக்கு வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்த ஆக்சில், பேரிங் போயிருக்கும். பினியன் ஃபிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடக் கூடாது. சுற்றினால் இம்மி அளவு தளர்வு இருக்கலாம். கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துத் தயாரிக்கப்படுபவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறியிருந்தால் யாரோ இரண்டு ஆக்சிலிலிருந்து எடுத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அது ஊளையிட்டே தேயும்.

வெளித் துருவுக்குப் பயப்பட வேண்டாம். புதுப் பெயின்டுக்குத்தான் பயப்பட வேண்டும். ஸ்பிரிங் மேடைக்குப் பக்கத்தில் வெல்டிங் தழும்பை மறைக்க அதுதான் சுலப வழி.

மாட்டிய பிறகு ஹவுசிங் மேலே இருக்கிற சின்ன மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் சூட்டில் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவில் இறங்கும். சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதே மாடல் ஆக்சிலை மாற்றுவது ரிப்பேர். வேறு வண்டியின் ஆக்சிலைப் போட்டு அகலத்தையோ அமைப்பையோ மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. பக்கத்துக் கேரளத்து ஆர்.டி.ஓ. தொடர்புடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இந்தக் கேள்வி எழும். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்னரே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தார் போன்ற வண்டிகளில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு, பழைய ஜீப்பின் முழு ஆக்சிலைப் போடும் ஆசை இப்போது இளவட்டங்களிடம் பரவுகிறது. பள்ளத்தில் நன்றாக ஏறும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் ராடு சாய்வு கொஞ்சம் பிசகினாலும், குழியில் விழுந்த வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். மேலே சொன்ன சட்டமும் இதற்குப் பொருந்தும். தோட்ட வேலைக்கு இது தேவையில்லை.

டிராக்டர் டிரெய்லருக்கு லாரி ஆக்சில் போடுவது பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்பில் வைக்கோல் ஏற்றுகிற டிரெய்லருக்கு விகிதக் கணக்கு எதுவும் கிடையாது. ஹவுசிங் வளையாமல் இருக்கிறதா, பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வளைவு பார்க்க, டயர்களின் இடைவெளியை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.

குலசேகரம் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. எந்த ஆக்சிலை எடுத்தாலும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று அதன் பதிவு எண்ணோடு பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விகிதம் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி எடுப்பதாகவும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.