தண்ணீர் எங்கே நிற்கிறது? எக்ஸெல் ஷீட் காட்டியது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள். வீட்டுக்கு உபயோகமாக இதில் வேறு என்ன செய்யலாம்?" வரவு செலவுக் கணக்கு எழுதலாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். எனவே இந்த முறை கீழ்பென்னாத்தூரில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதில் கம்ப்யூட்டருக்கு வேலை உண்டு. ஆனால் விஷயம், வெந்நீர் பாய்லர்.

குளிர் நாடுகளில் வீட்டுக்கு வெளியே பெரிய விறகு பாய்லரை வைத்து, சூடான தண்ணீரைக் குழாய் வழியாக அறைக்கு அறை சுற்றவிட்டு வீட்டையே கதகதப்பாக வைத்துக் கொள்வார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து வெயிலுக்கு அது தேவையில்லை. நமக்கு வேண்டியது மார்கழிக் காலையில் குளிக்க வெந்நீர். அக்கா வீட்டில் அதற்காகத் தோட்டத்துப் பக்கம் ஒரு செம்பு பாய்லரைச் செங்கல் அடுப்பின் மேல் வைத்து, குளியலறையின் மொட்டை மாடியில் இருந்த 100 லிட்டர் டேங்குடன் இரண்டு குழாய்களால் இணைத்திருந்தார்கள். பாய்லரின் மேல் பக்கத்திலிருந்து ஒரு குழாய் டேங்கின் மேல் பகுதிக்குப் போகும். டேங்கின் அடியிலிருந்து இன்னொரு குழாய் பாய்லரின் அடிப்பகுதிக்குத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏற வேண்டும். ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்க வேண்டும். மாடிகளில் நீங்கள் பார்க்கும் சோலார் வாட்டர் ஹீட்டர்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஆனால் இங்கே ஏறவில்லை. அரை மணி நேரம் விறகு எரித்தால் பாய்லர் 'குடுகுடு' என்று சத்தம் போடும். டேங்க் ஜில்லென்று இருக்கும். திடீரென்று டேங்கின் மேலே உள்ள ஏர் பைப் வழியாகக் கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். அக்காவின் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் குளிக்க, பாய்லரிலிருந்து வாளியில் கொதிநீரை அக்காவே சுமந்து வர வேண்டியிருந்தது.

"தம்பி, ஒரு மோட்டார் வாங்கிப் போட்டுடலாம்னு பார்க்கிறேன். அதுவரைக்கும் அந்த ஏர் பைப்புக்கு ஒரு மூடி போட்டுட்டா தண்ணி வீணாகாது" என்றார் மாமா.

"மாமா, மோட்டாரைப் பத்தி அப்புறம் பேசலாம். மூடி மட்டும் போட்டுடாதீங்க" என்றேன்.

இதை நீங்களும் மனதில் வைத்துக் கொள்ளவும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். திறந்திருக்கும் ஏர் பைப்தான் அந்த ஆவிக்கு வழி. அதில் மூடியோ வால்வோ போட்டால் அடுப்பின் மேல் இருப்பது பாய்லர் அல்ல, வெடிகுண்டு.

சரி, தண்ணீர் ஏன் சுற்றவில்லை? இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. மீன் தொட்டிகளில் வைக்கும் வயர் சென்சார் கொண்ட சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. 110 டிகிரி வரை காட்டும்படி மூன்று வாங்கினேன். பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயில் ஒன்று, அதே குழாய் டேங்கில் சேரும் இடத்தில் ஒன்று, திரும்பி வரும் குழாய் பாய்லரில் நுழையும் இடத்தில் ஒன்று என சென்சார்களை ஒட்டவைத்து, மேலே துணி சுற்றிக் கட்டினேன். துணி சுற்றாவிட்டால் குழாயின் சூட்டுக்குப் பதில் காற்றின் சூட்டைக் காட்டும்.

இனி எக்ஸெல் தொகுப்பைத் திறந்து கொள்ளவும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் நேரம், பாய்லர் வாய், டேங்க் வாய், திரும்பும் குழாய் என நான்கு தலைப்புகளை டைப் செய்திடவும். அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து 10 நிமிடத்திற்கு ஒரு முறை மூன்று அளவுகளையும் எழுதவும். ஐந்தாவது நெட்டு வரிசையில் கம்ப்யூட்டர் கணக்கிடட்டும். இரண்டாவது வரிசையின் ஐந்தாவது செல்லில் கர்சரை வைத்து, சமக்குறி அடித்து, பாய்லர் வாய் செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, டேங்க் வாய் செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டவும். வித்தியாசம் கிடைக்கும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா தானாக அமைந்துவிடும்.

பின்னர் எண்கள் உள்ள செல்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் சென்று சார்ட் வரையவும். பலரும் லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் ஒரு முறை டீ குடிக்கப் போய் 20 நிமிடம் கழித்துத்தான் அளந்தேன். நேரத்தை வெறும் எண்ணாக எழுதினால் லைன் சார்ட் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாது. எல்லாப் புள்ளிகளையும் சம தூரத்தில் வைத்துவிடும். ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தால் நேரம் சரியான இடைவெளியில் அமையும்.

சார்ட்டைப் பார்த்ததும் மாமாவே கண்டுபிடித்துவிட்டார். 30 நிமிடத்தில் பாய்லர் வாய் 97 டிகிரி. அதே குழாயின் மறுமுனையில், டேங்க் வாயில் 33. ஒரு கோடு மலை ஏறுகிறது. மற்றொன்று தரையில் படுத்திருக்கிறது. சூடு தேவைக்கு மேல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ தண்ணீர் நிற்கிறது. குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். தோட்டத்துக் கதவு குறுக்கே வந்ததால், குழாயைக் கதவுக்கு மேலே ஏற்றி, மறுபக்கம் இறக்கி, பிறகு மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த மேடுதான் காரணம்.

போர்வெல் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, எதிலும் காற்று கரைந்திருக்கும். சூடானதும் அது குமிழியாக வெளியேறி, குழாயின் உயரமான இடத்தில் போய்த் தங்கும். டேங்க் வரை குழாய் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் காற்றும் டேங்குக்குப் போய், ஏர் பைப் வழியாக வெளியேறிவிடும். நடுவில் மேடு இருந்தால் அங்கேயே உட்கார்ந்து கொள்ளும். இதையே ஏர் லாக் என்கிறோம்.

"இத்தனூண்டு காற்று தண்ணியை நிறுத்துமா?" என்று அக்கா கேட்டார். நியாயமான சந்தேகம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 30 டிகிரியில் சுமார் 996 கிலோ. 60 டிகிரியில் சுமார் 983 கிலோ. தண்ணீரைச் சுற்ற வைப்பது இந்த 13 கிலோ வித்தியாசம் மட்டுமே. பாய்லருக்கும் டேங்குக்கும் இரண்டு மீட்டர் உயரம் இருந்தால், கிடைக்கும் தள்ளு சக்தி ஓர் அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். இவ்வளவு மெல்லிய தள்ளுதலுக்கு ஒவ்வொரு எல்போவும் ஒரு தடை. மேட்டில் தங்கிய காற்றோ பூட்டு.

மோட்டார் போட்டால் காற்றைத் தள்ளிவிடாதா? தள்ளக்கூடும். ஆனால் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடும், மோட்டாரும் நின்றுவிடும்; அடுப்பு நிற்காது. டேங்க் பாய்லரைவிடத் தாழ்வாகவோ வெகு தூரத்திலோ இருந்தால் மோட்டார் தவிர வேறு வழியில்லை. அப்போதும் அதை ஆறிய தண்ணீர் திரும்பும் குழாயில் போடுவது நல்லது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் பிளம்பரை அழைத்து, கதவைத் தவிர்த்துச் சுவரைத் துளைத்து, பாய்லரிலிருந்து டேங்க் வரை குழாய் ஏறிக்கொண்டே போகும்படி மாற்றினோம். அரை அங்குலக் குழாய் ஓர் அங்குலமானது. எல்போக்கள் ஆறிலிருந்து மூன்றாயின. பாய்லரை ஒட்டிய பகுதிக்கு ஜி.ஐ. பைப். சாதாரண பி.வி.சி. இந்தச் சூட்டில் இளகிவிடும், சி.பி.வி.சி. குழாய்கூட அழுத்தத்தில் 82 டிகிரி வரைக்கும்தான். கழற்றிய பழைய குழாயைப் பார்த்தால், உள்ளே வெள்ளையாக உப்புப் படிவு பாதித் துவாரத்தை அடைத்திருந்தது. கடினத் தண்ணீரைச் சூடாக்கும் எல்லா வீட்டிலும் இது உண்டு. பாய்லருக்குள் இருந்ததை சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை ஊறவைத்துக் கழுவினோம்.

அதே ஷீட்டில் புதிய அளவுகள்: 40 நிமிடத்தில் பாய்லர் வாய் 61, டேங்க் வாய் 58, திரும்பும் குழாய் 38. இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறின. சத்தமும் இல்லை, பீய்ச்சலும் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதை நடக்கிறது. லேப்டாப்பில் சிபியு மேல் படிந்திருக்கும் தட்டையான செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீரே, இருக்கும். சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குப் போய், ஆறி, திரும்பி வரும்; மோட்டார் இல்லை. கேமிங் கம்ப்யூட்டர்களுக்கு வாட்டர் கூலர் பொருத்துவோர், ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக இருக்கும்படி பார்த்துக் கொள்ளவும். பம்ப் உச்சியில் இருந்தால் காற்று அதற்குள் போய்த் தங்கிவிடும், அக்கா வீட்டுக் கதவு மேட்டில் தங்கியது போல. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 838 டெராபிளாப் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரும் திரவத்தால் குளிர்விக்கப்படுவதுதான்.

மாமா இப்போது ஷீட்டில் விறகுக்கும் ஒரு வரிசை சேர்த்துவிட்டார். லிட்டரை, ஏறிய டிகிரியால் பெருக்கினால் தண்ணீர் வாங்கிய சூடு கிலோ கலோரியில் வரும். 100 லிட்டர் 28 டிகிரியிலிருந்து 50 ஆனால் 2,200. ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 3,600 இருக்கிறது. கணக்குப்படி முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே விறகு போதும். அவர் எரிப்பது நாலு கிலோ. மீதி எங்கே போகிறது என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருக்கிறார்.