மயிலூற்றும் கல்மரமும்

மலையும் அருவியும் கண்டு மகிழ விரும்புவோர் உதகைக்கும் குற்றாலத்துக்கும் செல்வது வழக்கம். தம் ஊர்க்கு அருகிலுள்ள மலையைப் பலர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பெரம்பலூருக்கு மேற்கே நீண்டு கிடக்கும் பச்சைமலை அத்தகையது. கொல்லிமலை, கல்வராயன்மலை, சவ்வாதுமலை ஆகியவற்றைப் போல இதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் என்னும் மூன்று மாவட்டங்களில் இது பரவியுள்ளது.

ஐப்பசித் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று, நண்பர் மூவருடன் யான் அம்மலைக்குப் புறப்பட்டேன். துறையூர்ப் பக்கத்துச் சோபனபுரத்தின் வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதையிற் சென்று, மலைமேலுள்ள டாப் செங்காட்டுப்பட்டியை அடைந்தோம். வழியில் மரவள்ளித் தோட்டங்களும் முந்திரி மரங்களும் கண்ணுக்கு விருந்தளித்தன. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். அப்பெயர் ஈண்டுக் கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலைவாழ்நர் என்னும் பொருளது. அவர்கள் பேசுவது தமிழே.

கீழே புழுக்கம் மிகுந்திருந்தது. மேலே தண்காற்று வீசியது. இதற்குக் காரணம் யாது? உயரம் மிக மிகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஈரங்கொண்ட காற்று மலைச்சரிவில் ஏறி இவ்வாறு குளிரும்போது, அதிலுள்ள நீராவி முகிலாகத் திரண்டு மழையாகப் பொழிகிறது. ஆகவே, மலை காட்சிக்கு மட்டும் உரியதன்று; சமவெளிக்கு நீர் வழங்கும் வள்ளலுமாகும். மருதையாறு பச்சைமலையிலே தோன்றி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் கொள்ளிடத்திற் கலப்பது இதற்குச் சான்று.

மறுநாட் காலையில் மலையடிவாரத்திலுள்ள லாடபுரத்துக்கு வந்து, மயிலூற்று என்னும் அருவியை நாடிச் சென்றோம். மழைக்காலத்திலேயே நீர் பெருகும் அருவி அது. பாறையின்மீது வெண்பட்டு விரித்தாற் போல நீர் வழிந்தது. ஓடையைக் கடந்து எதிர்ப்புறப் பாறைகளில் அமர்ந்து நீராடத் தொடங்கினோம்.

சிறிது நேரம் சென்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கரையில் நின்று, “ஐயா! நீரின் நிறம் மாறுகிறது. உடனே கரையேறுங்கள்!” என்று கூவினார். எங்களுள் ஒருவர், “வெயில் காய்கிறதே! வெள்ளம் எங்கிருந்து வரும்?” என்று நகைத்தார். யான் குனிந்து நோக்கினேன். தெளிந்திருந்த நீர் செந்நிறம் பெற்றிருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. நண்பரின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடையைக் கடந்தேன். மற்ற இருவரும் பின்தொடர்ந்தனர். நாங்கள் கரையேறிச் சில நிமிடங்களுக்குள், அமர்ந்திருந்த பாறைகள் வெள்ளத்தில் மறைந்தன. நகைத்த நண்பர் வாய்திறவாது நின்றார். முதியவரைக் கைகூப்பி வணங்கினோம்.

அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலையுச்சியில் மழை பெய்தல் கூடும். வன்பாறையில் விழும் மழை உட்செல்லாது; சரிவெங்கும் வழிந்து ஒரே ஓடையில் திரள்கிறது. அதனால் வெள்ளம் விரைந்து வருகிறது. நீர் கலங்குதலும், சருகு மிதத்தலும், இரைச்சல் மிகுதலும் அதன் முன்னறிவிப்புகள். காடு செறிந்த நிலத்திலோ இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. மண் நீரை உறிஞ்சிப் பல நாள் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. காட்டை அழித்தால், மழை பெய்யும் நாளில் வெள்ளமும் பெய்யாத நாளில் வறட்சியுமே எஞ்சும்.

அன்று மாலை, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைக் கண்டோம். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம் அது. அக்காலத்தில் கடல் இப்பகுதிவரை பரந்திருந்தது. ஆற்றுவெள்ளம் அடித்துச் சென்ற மரம் கடலிற் சேர்ந்து, சேற்றில் புதையுண்டது. நீரிற் கரைந்திருந்த மணற்சத்து, மரத்தின் நுண்ணிய பகுதிகளிலெல்லாம் படிப்படியாக நிறைந்தது. மரம் தன் வடிவம் மாறாமலே கல்லாயிற்று. அரியலூர் வட்டாரத்தில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் மிகுதியாகக் கிடைப்பதும் அப்பழங்கடலின் அடையாளமே.

கல்மரத்தின் அருகே நின்றபோது, காலையில் கண்ட வெள்ளம் என் நினைவுக்கு வந்தது. அன்று மரத்தைச் சாய்த்துக் கடலிற் சேர்த்ததும் வெள்ளமே. இன்று எம்மை அடித்துச் செல்ல வந்ததும் வெள்ளமே. நீரின் தொழில் மாறவில்லை. அத்தொழிலை நூல்களிற் கற்றிருந்த நாங்கள் அதன் குறிப்பை உணரவில்லை. மலையோடு பழகிய முதியவர் உணர்ந்தார்.

மாணவர்களே! அருவிக்குச் செல்லுங்கால் அவ்வூராரின் சொல்லுக்குச் செவிசாயுங்கள். நெகிழிப் பைகளையும் கண்ணாடிப் புட்டிகளையும் அங்கே எறியாதீர்கள். மலையில் எறிவது ஆற்றின் வழியே நம் ஏரிக்கும் வயலுக்குமே வந்து சேரும். மலையை அறிந்து போற்றுவோர்க்கே மலை இன்பம் நல்கும்.