துருவேறிய எஞ்சின்: திருத்துவதா, மாற்றுவதா?

2004 டிசம்பர் 26 கடற்கோளில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் படகுகளோடு எஞ்சின்களும் உப்புநீரில் மூழ்கின. அன்று எழுந்த கேள்வி இன்றும் கடற்றொழிலாளரை விட்டபாடில்லை.

வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு அளவிடுங்கள். அமுக்கம் குறையாமல் சமமாயிருந்து, அரிப்பு ஆணிகளிலும் கீழ்ப்பகுதியிலும் மட்டுமென்றால் திருத்துவதே இலாபம். குளிர்நீர் ஓடும் வழியை உப்பு அரித்துத் துளைத்து, நீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் திருத்தச் செலவு கடலில் கொட்டிய காசுதான். அமுக்கம் குறைந்தால் எண்ணெயும் வீணாகும்; 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானதை மறக்கலாமா? நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆபத்து உயிருக்கே.

கரை சேர்ந்ததும் நன்னீரில் எஞ்சினை ஓடவிடுங்கள். துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அடுத்த எஞ்சினுக்கான கடன் தள்ளிப்போகும்.